சாதி விலக்கான சின்னத்துரை

ஹில் கிளப்பின் கதவு இலங்கையருக்கு எப்படித் திறந்தது என்பதை இந்த வாரம் சொல்வதாகப் போன இதழில் வாக்குக் கொடுத்தாயிற்று. சொல்லத்தான் வேண்டும். ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒருவர் குறுக்கே வந்து நிற்கிறார். அவரை ஒதுக்கிவிட்டுப் போக மனம் வரவில்லை.

முதலில் கிளப். நுவரெலியாவில் கோல்ஃப் மைதானத்தைப் பார்த்தபடி நிற்கும் அந்தக் கல் மாளிகைக்குரிய கிளப் 1876இல் தொடங்கியது. கோப்பி இலையில் துருநோய் கண்டு அப்போது ஏழு ஆண்டு. கோப்பி செத்தது, கிளப் பிழைத்துக்கொண்டது. சுவரெல்லாம் மான் தலைகள், நடுவே பில்லியர்ட்ஸ் மேசை. இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும் கட்டாயம்; கொண்டுவராத விருந்தாளிக்குக் கிளப்பே இரவல் கொடுக்கும். அன்று உறுப்பினர் எல்லாரும் வெள்ளைக்காரர், அதிலும் ஆண்கள் மட்டுமே.

இது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். டிக்கோயாத் துரைமாருக்குத் தரவளையில் 1868 முதல் ஒரு கிளப். திம்புள்ளக்காரருக்கு ராதல்லையில் ஒன்று. இவற்றுக்கெல்லாம் மூத்தது 1854இல் கண்டியில் பிறந்த தோட்டத்துரைமார் சங்கம். மலைக்கு ஒரு பங்களா, பங்களாவுக்கு ஒரு துரை என்று தனித்துக் கிடந்தவர்களுக்குக் கிளப்தான் கோயில், சந்தை, பஞ்சாயத்து எல்லாம். சீமையிலிருந்து வரும் இளைஞன் ‘கிரீப்பர்’ என்ற பெயரில் பெரிய துரையிடம் வேலை பழகுவான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் நிற்கவும், மலையைச் சுற்றவும், லயத்தில் குடியிருக்கும் தொழிலாளரை ஏவவும் கற்றுக்கொள்வான். அந்த ஏவலுக்குத் தேவையான தமிழுக்கு ‘கூலித் தமிழ்’ என்றே பெயர் வைத்துப் பாடப்புத்தகமும் போட்டிருந்தார்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத பாடம் ஒன்றும் உண்டு: தொழிலாளி பார்க்க ஒரு துரை இன்னொரு துரையை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஊரில் சாதிக்கட்டுப்பாடு என்கிறோமே, அதே சரக்குதான்.

அந்தக் கட்டை அறுத்தவர்தான் குறுக்கே வந்தவர். மார்க் அந்தோனி பிரேஸ்கேடில். 1912இல் லண்டனில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். ஓவியம் பழகியவர், அங்கேயே கம்யூனிஸ்ட் இளைஞர் அணியில் சேர்ந்தவர். இப்படிப்பட்டவரைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலை பழக எடுத்தவர்களின் சாமர்த்தியத்தை என்ன சொல்ல! 1936இல் மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்துக்கு வந்தார். லயத்து மனிதரோடு நெருங்கிப் பழகினார், அவர்கள் பக்கம் பேசினார். வேலை போயிற்று. அவர் நேரே இடதுசாரியான லங்கா சமசமாஜக் கட்சிக்குப் போனார்.

1937 ஏப்ரல் 3, நாவலப்பிட்டி. இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாயாவின் பேச்சைக் கேட்க ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் திரண்டிருந்தார்கள். அந்த மேடையில் சமசமாஜக் கட்சியின் என்.எம். பெரேரா ஒரு வெள்ளைத் தோழரை அறிமுகப்படுத்தினார். பிரேஸ்கேடில் மலைமேல் தெரிந்த வெள்ளை பங்களாக்களைக் காட்டிப் பேசினார். துரைமார் செய்வதெல்லாம் எனக்குத் தெரியும், வெளியே சொல்லுவேன் என்றார். வாக்கியத்துக்கு வாக்கியம் கூட்டம் ‘சாமி, சாமி’ என்று குரல் கொடுத்ததாம். இதை எழுதி வைத்தவர் கூட்டத்தை வேவு பார்க்க வந்த ஒரு துரை. பாவம், அவருடைய கலக்கம் அறிக்கையிலேயே தெரிகிறது.

புதிதாக ஒன்றும் அவர் சொல்லிவிடவில்லை. தஞ்சாவூர்க்காரர் கோ. நடேசய்யர் அட்டனில் உட்கார்ந்து 1931 முதல் தொழிற்சங்கம் நடத்திக்கொண்டிருந்தார். அதற்கும் முன்பே துணி வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து விஷயம் சேகரித்தவர். இந்த மண்ணின் நாயகன் நடேசய்யர்தான், பிரேஸ்கேடில் அல்ல. அதில் இந்தத் தொடருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நடேசய்யரைக் ‘கிளர்ச்சிக்காரன்’ என்று சொல்லித் தள்ளிவிடலாம். தங்கள் மேசையிலிருந்தே எழுந்து போனவனை என்ன சொல்லித் தள்ளுவது?

பிரேஸ்கேடிலை நாடு கடத்து என்றார்கள் துரைமார். தேசாதிபதி சர் ரெஜினால்ட் ஸ்டப்ஸ் உத்தரவு போட்டார். ஏப்ரல் 24க்குள் முல்தான் கப்பலில் ஏற வேண்டும். இந்தக் கதைக்கு வில்லன் தேடி அலைய வேண்டியதில்லை. உள்நாட்டு மந்திரியிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார் மனுஷன்.

கப்பல் போயிற்று, ஆள் ஏறவில்லை. தலைமறைவு. மே 5ஆம் திகதி அரசாங்க சபையில் தேசாதிபதிக்கு எதிரான கண்டனத் தீர்மானம் 34க்கு 7 என்று நிறைவேறியது. அன்றே காலிமுகத்திடலில் பெருங்கூட்டம். பொலிஸ் வலைவீசித் தேடிய ஆள் அந்த மேடையில் ஏறி நின்று பேசினார்! அத்தனை சனத்தின் நடுவே கைவைக்கப் பொலிசாருக்குத் துணிவில்லை. ஓரிரு நாள் கழித்துப் புதுக்கடையில் ஒரு வீட்டில்தான் பிடித்தார்கள்.

ஆள்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கூலி வாங்காமல் வாதாடியவர் எச்.வி. பெரேரா. தேசாதிபதி நம்பியிருந்தது 1896இல் பிறந்த ஒரு கட்டளையை. அது அவசரகாலத்துக்கென்று எழுதப்பட்டது. நாட்டில் அப்படி எந்த அவசரமும் இல்லை. பிரதம நீதியரசர் சர் சிட்னி ஆபிரகாம்ஸ் தலைமையிலான மூவரும் மே 18ஆம் திகதி அவரை விடுதலை செய்தார்கள். கட்டுப்பாட்டை மீறிய குற்றத்துக்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது என்று துரைமாருக்கு அன்று தெரிந்தது.

அதே ஆண்டில் பிரேஸ்கேடில் தம் விருப்பப்படி இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1999இல் காலமானார்.

ஹில் கிளப்போ அசையவில்லை. 1948இல் சுதந்திரம் வந்தது. அதே ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் கொழுந்து பறித்தவர்களை நாடற்றவர்களாக்கியது. அப்போதும் கிளப்பில் பழைய ஆட்கள்தான். இலங்கையர் உறுப்பினராக நுழைய 1960களின் கடைசிவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் கதவருகே வந்து சேர்வதற்குள் பக்கம் தீர்ந்துவிட்டது. அடுத்த இதழில் உள்ளே போவோம், வேறு யாரும் குறுக்கே வராவிட்டால்.