பழையனூர் நீலியும் ஆலங்காட்டுப் பேயும்

தொண்டை நாட்டுத் திருவாலங்காடும் அதனை அடுத்த பழையனூரும் தமிழ் இலக்கியத்தில் பேய்களின் ஊர்கள். அவற்றுள் நீலியின் பெயர் இன்றும் பழிச்சொல்லாகவே வழங்குகிறது. பொய்யழுகைக்கு 'நீலிக் கண்ணீர்' என்கிறோம். அவள் அழுகைக்குக் காரணம் இருந்தது என்பதை மட்டும் அச்சொல் மறைத்துவிட்டது.

கதை பலவாறு வழங்கினும் கரு ஒன்றே. கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகிறாள். மறுபிறவி எடுத்து வந்த அவனைத் தொடர்ந்து, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திப் பழையனூர் அவையில் முறையிடுகிறாள். அவன் உயிருக்குப் பிணை நின்ற வேளாளர் எழுபதின்மர், அவன் மாண்டதும் தீப்பாய்ந்தனர். 7ஆம் நூற்றாண்டுத் திருஞானசம்பந்தரின் ஆலங்காட்டுப் பதிகத்திலேயே வஞ்சித்து உயிர் கொண்ட ஒருத்தி குறிக்கப்படுகிறாள்.

இந்த நீலியைத்தான் ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசியின் சமண ஆசிரியர் தம் தலைவியாக்கினார். துணிச்சலான தேர்வு! பாஞ்சால நாட்டுச் சுடுகாட்டுக் காளிக்கு உயிர்ப்பலியிட வந்தோரை, மண்ணால் செய்த உருவங்களைப் படைக்குமாறு முனிச்சந்திரர் திருப்பிவிடுகிறார். சினந்த காளி, அவரை விரட்டப் பழையனூர் நீலியை வரவழைக்கிறாள். அச்சுறுத்தியும் மயக்கியும் தோற்ற நீலி, முனிவரிடம் அறம் கேட்டு மாணவியாகிறாள். பின்னர் ஊர் ஊராகச் சென்று பிற சமயத்தாரோடு வாதிடுகிறாள்.

அவள் முதலில் எதிர்கொள்பவள் பௌத்தத் துறவி குண்டலகேசி. குண்டலகேசிக் காப்பியம் முழுமையாகக் கிடைக்கவில்லை; எனினும் கதை தெரியும். தன்னை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று கொல்ல முயன்ற கள்வனாகிய கணவனை, வலம் வருவதாகச் சொல்லிப் பின்னிருந்து தள்ளியவள் அவள். ஊரார் கதையின் நீலியை மனத்தில் கொண்டு இவ்வாதத்தைப் படிப்போர்க்கு, கணவனால் மாண்டவளும் கணவனிடமிருந்து தப்பியவளும் எதிரெதிரே நிற்பது புலனாகும். காப்பியமோ இருவரையும் அளவையியல் பேச வைத்து, சமணத்துக்கு வெற்றி தருகிறது. புலமை மிகுந்த பகுதிதான். ஆயினும் பழைய துயரம் அங்கே கேட்பதில்லை.

ஆலங்காட்டின் மற்றொரு பேய் வாதிடவில்லை, பாடியது. கணவன் அஞ்சி விலகிய பின், அவனுக்காகத் தாங்கிய தசையை உதறிப் பேயுரு வேண்டிப் பெற்றவர் காரைக்காலம்மையார் என்பது சேக்கிழார் வாக்கு. நீலியைப் பேயாக்கியது கொலை. அம்மையாரின் பேய்மை அவரே வேண்டிக்கொண்டது. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களில் அவர் தம்மைக் காரைக்காற்பேய் என்றே கூறிக்கொள்கிறார்.

நீலி தெற்கே சென்று தெய்வமானாள். குமரி மாவட்டத்து முப்பந்தல் இசக்கியம்மனின் கதையும் அவளுடையதே என்பர். 'இசக்கி' என்பது சமணரும் பௌத்தரும் போற்றிய 'இயக்கி' என்ற சொல்லின் திரிபு. பிள்ளை வேண்டுவோர்க்கும் பிள்ளை நோயுற்றோர்க்கும் அவளே காவல். தென்பாண்டி நாட்டு இசக்கி சிலைகள் பலவற்றில் கையணைப்பில் ஒரு குழந்தை உண்டு. வாயில் கடிபட்ட நிலையில் இன்னொன்று.