பன்றிகளுக்குப் படியளந்தவர்கள்

போன சனி, ஞாயிறில் இரண்டு படம் பார்த்தேன். இரண்டுமே பழசு. சனிக்கிழமை ராத்திரி தனியாக உட்கார்ந்து ‘தி தேர்ட் மேன்’ (1949). ஞாயிறு மதியம் அக்கா மகனோடு ‘அனிமல் ஃபார்ம்’ (1954). “சின்னப் பையனுக்குக் காட்டுற படமாடா அது?” என்று அக்கா கேட்டாள். “கார்ட்டூன்தானேக்கா” என்று சொல்லிவிட்டேன். அவசரப்பட்டுச் சொன்ன பதில்.

‘தி தேர்ட் மேன்’ கறாராகப் பார்த்தால் ஸ்பை படம் இல்லை. ஆனால் அதன் காற்றில் உளவு வாசனை உண்டு. போருக்குப் பிந்தைய வியன்னாவை அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ் நான்கும் கூறுபோட்டு வைத்திருக்கின்றன. போலிப் பெயர்கள், போலி ஆவணங்கள், பென்சிலினில் கலப்படம் செய்து விற்கும் ஒருவன். திரைக்கதை எழுதிய கிரகாம் கிரீன் போர்க்காலத்தில் எம்.ஐ.6-இல் வேலை பார்த்தவர். அங்கே அவருக்கு மேலதிகாரி கிம் ஃபில்பி. பிற்பாடு சோவியத் ஒற்றன் என்று அம்பலமாகி மாஸ்கோவுக்கு ஓடிப்போன அதே ஃபில்பி. ஜிதர் இசை முதல் பத்து நிமிடம் எரிச்சல் மூட்டியது. இப்போது பல் தேய்க்கும்போதுகூட அதுதான் ஓடுகிறது.

படத்தில் ஓரிடத்தில் பிரிட்டிஷ் அதிகாரி தன் டிரைவரிடம் ‘ஸ்மோல்கா’வுக்கு வண்டியை விடச் சொல்வார். அது ஒரு மதுக்கடையின் பெயர். கண்ணிமைத்தால் தப்பிவிடும். யார் அந்த ஸ்மோல்கா என்று பிடித்துக்கொண்டு போனதில்தான் சனிக்கிழமைப் படமும் ஞாயிற்றுக்கிழமைக் கார்ட்டூனும் ஒரே இடத்தில் வந்து முட்டின.

ஸ்மோல்கா வியன்னாவில் பிறந்த பத்திரிகையாளர். 1930-களில் லண்டனுக்குப் போய்ப் பெயரை பீட்டர் ஸ்மோலெட் என்று மாற்றிக்கொண்டார். போர் மூண்டதும் பிரிட்டனின் தகவல் அமைச்சகத்தில் வேலை; ரஷ்யப் பிரிவுக்கே தலைவர். ஹிட்லருக்கு எதிராக ஸ்டாலினும் பிரிட்டனும் தோளில் கைபோட்டு நின்ற காலம். ரஷ்யாவைப் பற்றி ஜனங்களிடம் நல்ல விதமாகச் சொல்வது அவருடைய அரசாங்க வேலை. அவரே சோவியத் ஒற்றன் என்பதும், ஃபில்பிதான் அவரை உள்ளே இழுத்துவிட்டவர் என்பதும் மெல்லத்தான் வெளியே வந்தன. போர் முடிந்து வியன்னா திரும்பியவர், 1948-இல் கதை தேடி வந்த கிரீனுக்கு ஊர் சுற்றிக் காட்டினார். பென்சிலின் கடத்தல் விவகாரம் கிரீனின் காதில் விழுந்தது அவர் மூலமாகத்தான் என்று சொல்கிறார்கள். மதுக்கடைப் பெயர் அதற்கான கைம்மாறாக இருக்கலாம்.

இதற்கு நான்கு வருஷம் முன்னால், 1944-இல், ஜார்ஜ் ஆர்வெல் ஒரு சின்னக் கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு பதிப்பகம் பதிப்பகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். பண்ணை விலங்குகள் முதலாளியை விரட்டிவிட்டுத் தாங்களே ஆள ஆரம்பிக்கின்றன. பன்றிகள் மெல்ல முதலாளிகளாகிவிடுகின்றன. சோவியத் புரட்சியின் கதை அது என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஃபேபர் பதிப்பகத்தில் இருந்த டி.எஸ். எலியட் மறுத்தார். பன்றிகள்தானே இருப்பதிலேயே புத்திசாலிகள், பொதுநலம் உள்ள பன்றிகள் இன்னும் கொஞ்சம் இருந்தால் சரியாகப் போயிருக்குமே என்கிற தோரணையில் ஒரு கடிதம் வேறு எழுதினார். அமெரிக்கப் பதிப்பகம் ஒன்று, விலங்குக் கதைகள் இங்கே விற்காது என்றதாம். மிக்கி மவுஸின் நாட்டில்!

ஜொனதன் கேப் பதிப்பகம் மட்டும் போடச் சம்மதித்தது. பிறகு தகவல் அமைச்சகத்தில் ஓர் அதிகாரியிடம் யோசனை கேட்டு, அவர் வேண்டாம் என்றதும் பின்வாங்கியது. அந்த அதிகாரி ஸ்மோலெட்தான் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் முடிவு. ஆர்வெலுக்கு எங்கோ மூக்கில் வேர்த்திருக்கிறது. 1949-இல் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் ரகசியப் பிரசாரப் பிரிவுக்கு, நம்பத்தகாதவர்கள் என்று அவர் கொடுத்த பெயர்ப் பட்டியலில் ஸ்மோலெட்டும் உண்டு. பட்டியல் கொடுத்தது ஆர்வெலின் பெயருக்கு இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கும் கறை. அவருடைய சிறந்த வாசகர்களே அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறுகிறார்கள். நானும்தான்.

புத்தகம் ஒருவழியாக 1945 ஆகஸ்டில் செக்கர் அண்ட் வார்பர்க் வெளியீடாக வந்தது. 1950 ஜனவரியில் ஆர்வெல் காசநோயில் இறந்துபோனார். அப்போதுதான் இரண்டாவது உளவுத்துறை உள்ளே வருகிறது.

இந்த இடத்தில் என் தாத்தாவைச் சொல்லியாக வேண்டும். கோவையில் மில் தொழிலாளி, சங்கத்துக்காரர். கல்லூரியில் படிக்கும்போது க.நா.சு. மொழிபெயர்த்த ‘விலங்குப் பண்ணை’யைக் கையில் வைத்திருந்தேன். அட்டையைப் பார்த்ததும் முகம் சுளித்தார். “அது அமெரிக்காக்காரன் காசுல வந்த சரக்குடா.” நான் விடுவேனா? “எழுதுனவரு இங்கிலாந்துக்காரரு தாத்தா. அவரும் உங்களாட்டம் சோசலிஸ்ட்டுதான். ஸ்பெயின்ல ஃபிராங்கோவுக்கு எதிரா சண்டை போட்டுத் தொண்டைல குண்டு வாங்குனவரு.” அவர் பதில் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். ஜெயித்துவிட்டதாகவே பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் சொன்னதில் தப்பில்லை. ஆனால் தாத்தா சொன்னது, புத்தகத்துக்குப் பொருந்தாவிட்டாலும், படத்துக்கு அட்சர சுத்தமாகப் பொருந்தியது.

படமாக்கும் உரிமையை ஆர்வெலின் மனைவி சோனியாவிடமிருந்து வாங்கியதன் பின்னால் இருந்தது சி.ஐ.ஏ. அதன் ரகசிய நடவடிக்கைப் பிரிவில் இருந்த ஹோவர்ட் ஹன்ட் 1974-இல் தன் நினைவுக்குறிப்பில் இதை எழுதினார். ஓய்வு நேரத்தில் உளவு நாவல்களாக எழுதித் தள்ளியவர். 1972-இல் வாட்டர்கேட் விவகாரத்தில் மாட்டி ஜெயிலுக்குப் போனவர். கிளார்க் கேபிளைச் சந்திக்க வைப்பதாகச் சொல்லித்தான் சோனியாவிடம் கையெழுத்து வாங்கினார்கள் என்றொரு கதையும் சுற்றுகிறது. கேட்க ருசியாக இருக்கிறது, அவ்வளவுதான், ஆதாரம் பலமில்லை. முகப்புக்கு நிறுத்தப்பட்ட தயாரிப்பாளர் லூயி டி ரோஷ்மான்ட். அவர் அதற்கு முன் எஃப்.பி.ஐ. உதவியோடு தயாரித்த ‘தி ஹவுஸ் ஆன் 92ண்ட் ஸ்ட்ரீட்’ (1945) நாஜி ஒற்றர்களைப் பிடிக்கும் ஸ்பை படம்!

வேலை லண்டனில் ஜான் ஹாலஸ், ஜாய் பேட்ச்சலர் தம்பதியின் ஸ்டூடியோவுக்குப் போனது. ஹாலஸ் புடாபெஸ்டிலிருந்து வந்தவர். போர்க்காலத்தில் அரசாங்கத்துக்குப் பிரசாரக் குறும்படங்கள் செய்து பழகியவர்கள். 1951 நவம்பரில் ஒப்பந்தம். மூன்று வருஷம் வரைந்தார்கள், ஒவ்வொரு ஃபிரேமாக, கையால். திரையரங்குக்கு வந்த முதல் பிரிட்டிஷ் முழுநீள அனிமேஷன் அதுதான். எல்லா விலங்குகளுக்கும் குரல் கொடுத்தவர் ஒரே ஆள், மாரிஸ் டென்ஹம். பணம் எங்கிருந்து வருகிறது என்பது மேசையில் குனிந்து வரைந்துகொண்டிருந்தவர்களுக்குத் தெரியாது.

‘முதலீட்டாளர்கள்’ என்ற பெயரில் திருத்தங்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. திரைக்கதை திரும்பத் திரும்ப மாறியது. டிராட்ஸ்கியின் சாயலில் வரும் ஸ்னோபால் அவ்வளவு நல்லவனாகத் தெரியக்கூடாது என்றார்கள். பெரிய திருத்தம் முடிவில் விழுந்தது. புத்தகத்தின் கடைசிக் காட்சியில் பன்றிகளும் மனிதர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து குடித்துச் சீட்டாடுகிறார்கள். ஜன்னல் வழியே பார்க்கும் விலங்குகளுக்கு யார் பன்றி, யார் மனிதன் என்றே அடையாளம் தெரியவில்லை. படத்தில் அந்த மேசையில் பன்றிகள் மட்டும்தான். பிறகு கழுதை பெஞ்சமின் தலைமையில் எல்லா விலங்குகளும் திரண்டு வந்து மாளிகையை நொறுக்குகின்றன.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சேர்க்கப்பட்ட அந்தக் கலகத்தைத்தான் பேசுகிறார்கள். இரும்புத்திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜனங்களே, கிளம்புங்கள் என்ற செய்தி. எனக்கு உறுத்துவது எடுக்கப்பட்ட நாற்காலிகள். 1943 டெஹ்ரான் மாநாட்டில் ஸ்டாலினும் சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் கைகுலுக்கிய சூட்டில் ஆர்வெல் எழுதிய காட்சி அது. பன்றி மோசம் என்று மட்டும் அவர் எழுதவில்லை. பன்றி கடைசியில் உன்னைப் போலவே ஆகிவிட்டது பார் என்று முதலாளியிடமும் சொன்னார். அந்தப் பாதி சத்தமில்லாமல் கழுவப்பட்டுவிட்டது. தாத்தாவுக்கும் ஆர்வெலுக்கும் பொதுவாக இருந்தது அந்தப் பாதிதான். அதைக் காட்டிப் பேசியிருந்தால் அன்றைக்குத் துண்டை உதறிக்கொண்டு போயிருக்கமாட்டார்.

கிரீனுக்கும் இதே கதி நேர்ந்தது. வியட்நாமில் அமெரிக்கர்களின் கைவேலையைச் சாடி அவர் எழுதிய ‘தி க்வயட் அமெரிக்கன்’ 1958-இல் படமானபோது, அமெரிக்கன் அப்பாவியாகி, பழி கம்யூனிஸ்ட்டுகள் தலையில் விழுந்தது. இயக்குநர் மான்கீவிச்சுக்கு யோசனை சொன்னவர்களில் எட்வர்ட் லான்ஸ்டேல் என்ற சி.ஐ.ஏ. ஆளும் ஒருவர். கிரீன் உயிரோடிருந்தார், கொதித்தார். ஆர்வெலுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

அப்படியானால் ‘அனிமல் ஃபார்ம்’ குப்பையா? சத்தியமாக இல்லை. டிஸ்னித்தனமாக ஒரு வாத்துக்குஞ்சு அங்கங்கே தடுக்கி விழுந்து கழுத்தறுக்கிறது, அதை விட்டுவிடலாம். ஆனால் பாக்ஸர் என்கிற அந்தக் குதிரை! காலமெல்லாம் உழைத்து ஓய்ந்தவனை ஆஸ்பத்திரி என்று சொல்லி வண்டியில் ஏற்றுகிறார்கள். அது அடிமாட்டு வண்டி என்று பெஞ்சமினுக்குப் புரியும்போது வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. கழுதை கத்திக்கொண்டே பின்னால் ஓடுகிறது. இந்தக் காட்சியை வரைந்த கைக்கு எந்த உளவுத்துறையும் சம்பளம் கொடுத்திருக்க முடியாது என்று தோன்றுகிறது. கொடுத்ததுதான், தெரியும். இருந்தாலும் தோன்றுகிறது. மாறிய முடிவை ஹாலஸ் பிற்காலத்திலும் விட்டுக்கொடுக்கவில்லை. பார்க்கிறவர்களைக் குழப்பத்தோடு வீட்டுக்கு அனுப்ப முடியாது என்பது அவர் கட்சி. அவர் அதை நம்பியே சொல்லியிருக்கலாம்.

வண்டிக் காட்சியில் அக்கா மகன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். “மாமா, கழுத புடிச்சிருமா?” நான் பேசவில்லை. படம் முடிந்து, விலங்குகள் எல்லாம் சேர்ந்து ஜெயித்த பிறகும் அவன் முகம் தெளியவில்லை. எதையாவது சொல்லித் தேற்றலாம் என்று, புத்தகத்தில் முடிவு வேறடா என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். “அதுல பாக்ஸர் திரும்பி வந்துருமா?”

“இல்லடா.”

“அப்போ எனக்கு அந்தப் புக்கு வேணாம்” என்று சொல்லிவிட்டு ரிமோட்டை எடுத்துக்கொண்டான். சமையலறையிலிருந்து அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.