விளாம்பழம் என்ன விலை?

பத்தாவது படிக்கும்போது ராஜபாளையத்துலேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி கணக்கு டியூஷன் போவேன். வாத்தியார் 'பிரதியிடல் முறை'ன்னு போர்டுல எழுதுவார். எனக்கு ஜன்னல் வழியா வர்ற பால்கோவா வாசனை மட்டும்தான் ஏறும். எக்ஸ், ஒய் எல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கெதுக்குன்னு ஒரு நினைப்பு வேற. அரைப்பரீட்சையில 17 மார்க். வீட்டுல நடந்தது இந்தப் பதிவுக்கு வேண்டாம் :)

அந்த நினைப்பு எவ்வளவு தப்புன்னு ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுது மக்கா.

கி.பி. 850 வாக்கில், ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்துல மகாவீரர்னு ஒரு சமணக் கணிதர் இருந்தார். அவரோட 'கணித சார சங்கிரகம்' நூல்ல ஒரு கணக்கு. 9 நார்த்தங்காயும் 7 விளாம்பழமும் சேர்ந்து விலை 107. 7 நார்த்தங்காய், 9 விளாம்பழம்னா 101. தனித்தனியா என்ன விலை?

வாத்தியார் முறைப்படி போட்டா, ஒரு நார்த்தங்காய்ங்கறது 107ல 7 விளாம்பழ விலையைக் கழிச்சு 9ஆல வகுத்தது. அதை ரெண்டாவது வரியில நார்த்தங்காய் இருக்கிற இடத்துல தூக்கி வைக்கணும். 9ஆல பெருக்கிச் சுருக்கினா 32 விளாம்பழம் 160க்கு வந்து நிக்கும். விளாம்பழம் 5, நார்த்தங்காய் 8.

மகாவீரர் இப்படிப் போடலை. 107ஐ 9ஆல பெருக்கி, அதுல 101ஐ 7ஆல பெருக்கினதைக் கழிக்கச் சொல்றார். 256. அதை 81க்கும் 49க்கும் உள்ள வித்தியாசமான 32ஆல வகுத்தா 8. ரெண்டு பக்கமும் 63 விளாம்பழம் வந்து அடிபட்டுப் போகுது, அவ்வளவுதான் சூட்சுமம். 9ம் 7ம் இடம் மாறி நிக்கிறதால மட்டுமே இந்தக் குறுக்குவழி செல்லும்.

பிரதியிடலுக்கு இன்னும் கிட்ட வர்றது 1150ல பாஸ்கரர் எழுதின 'பீஜகணிதம்'. நம்ம எக்ஸ், ஒய் மாதிரி அவருக்கு காளகம், நீலகம், பீதகம்... கருப்பு, நீலம், மஞ்சள்! ஒரு நிறத்தோட மதிப்பை மத்த நிறங்களை வெச்சு எழுதி, கிடைச்ச மதிப்புகளை ஒண்ணோட ஒண்ணு சமமாக்குவார். 628லயே பிரம்மகுப்தர் இதுக்கு விதி சொல்லியாச்சு.

உடனே 'எல்லாம் நம்மாளுங்கதான் முதல்ல'ன்னு கிளம்பிடாதீங்க. சீனாவுல இதுக்கெல்லாம் பல நூற்றாண்டு முன்னாடியே, 'ஒன்பது அத்தியாயங்கள்' நூலோட எட்டாவது அத்தியாயத்துல குச்சிகளை அடுக்கி இதே மாதிரி கணக்கு போட்டிருக்காங்க.

மகாவீரர் நூலை இங்கிலீஷ்ல கொண்டுவந்தவர் சென்னை பிரசிடென்சி காலேஜ் பேராசிரியர் ரங்காச்சார்யா. 1912ல சென்னை அரசு அச்சகத்துல அச்சாச்சு. நான் முழிச்சுக்கிட்டு உட்கார்ந்த டியூஷனுக்கு ஒரு ரயில் பயண தூரம்!

போன தடவை ஊருக்குப் போனப்ப இந்தக் கணக்கை வாத்தியார்கிட்டயே நீட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்து, பிரதியிட்டே போட்டு முடிச்சார். "நார்த்தங்காய் எட்டுன்னா ஜாஸ்திப்பா"ன்னார்.