தகட்டில் மோதித் திரும்பிய அலை

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் காலை, ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கின. கண்ணுக்குப் புலனாகுமுன்பே அவற்றின் வருகையைக் கரையிலிருந்த ராடார் கருவி உணர்த்திற்று. சீனன்குடாவிலிருந்து போர் விமானங்கள் எதிர்த்தெழ அவகாசம் கிடைத்தது. நான்கு நாள் முன்னர் கொழும்புக்கு அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை.

இக்கருவியின் மூலத்தை நாடிச் செல்வோர் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹ நகரை அடைவர். 1857இல் ஹாம்பர்க் நகரில் பிறந்து, ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் பேரறிஞரிடம் பயின்ற ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் அங்கே பேராசிரியராயிருந்தார். மாக்ஸ்வெல் கணிதத்தால் முன்னுரைத்த மின்காந்த அலைகளை 1887, 1888ஆம் ஆண்டுகளில் அவர் சோதனையால் மெய்ப்பித்தார். ஒருபுறம் மின்பொறி பாய்ந்தது. தொடர்பேதுமின்றித் தொலைவிலிருந்த கம்பி வளையத்தின் இடைவெளியில் நுண்பொறி மின்னிற்று. துத்தநாகத் தகட்டில் மோதிய அலைகள், ஒளியைப் போன்றே திரும்பி வந்தன. அவ்வாறு திரும்பும் அலையே பின்னாளில் ராடாருக்கு அடிப்படையாயிற்று.

1894ஆம் ஆண்டின் முதல் நாள், 36ஆம் வயதில், ஹெர்ட்ஸ் பான் நகரில் காலமானார். தம் அலையால் எழுந்த வானொலியையோ ராடாரையோ அவர் காணவில்லை. இயற்கையின் உண்மையை அறிவதே அவர் நாடிய பயன்.

போரில் காவலாய் நின்ற அதே அலை, 1980களில் திருகோணமலையில் ஜெர்மன் வானொலி அமைத்த அஞ்சல் நிலையத்திலிருந்து அமைதிக்காலக் குரலாய்க் கடல் கடந்து சென்றது. அலைவரிசையைக் குறிக்கும் அளவையோ இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.