பெங்களூரின் பெயர் தாங்கிய குழாய்

போர்க்கருவிகளுக்குச் செய்தவர் பெயரையே சூட்டுவது உலக வழக்கு. 1887-ஆம் ஆண்டு முதல் பிரிட்டிஷ் படை அதிகாரிகளின் இடுப்பில் தொங்கிய சுழல் துப்பாக்கிக்கு வெப்ளி என்று பெயர். அஃது அதனைச் செய்த பர்மிங்ஹாம் நிறுவனத்தின் பெயர். அமெரிக்கப் படை 1911-இல் ஏற்றுக்கொண்டு, 1985 வரை பொதுக் கைத்துப்பாக்கியாக வைத்திருந்த கருவியைப் பற்றிப் பேசுவோர், அதனை அமைத்த ஜான் பிரவுனிங்கைச் சொல்லாமல் விடுவதில்லை. அதற்கு அடுத்த ஆண்டில், அல்சூர் ஏரியை அடுத்துத் தங்கியிருந்த பட்டாளத்தில் பிறந்த கருவி ஒன்றுக்கு மட்டும், செய்தவர் பெயர் கிடைக்காமல் ஊரின் பெயர் கிடைத்தது. அதுவே பெங்களூர் டார்பிடோ.

டார்பிடோ என்றவுடன் கப்பலைப் பிளக்கும் கடல்வெடி நம் நினைவுக்கு வருகிறது. பெங்களூருக்குக் கடல் இல்லை. அல்சூர் ஏரியில் கப்பலும் இல்லை. உண்மை என்னவென்றால், தொட்டவரை மின்சாரத்தால் அதிரவைக்கும் திருக்கை மீன் ஒன்றுக்கு லத்தீன் மொழியில் வழங்கிய பெயர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மறைத்துவைத்து வெடிக்கும் எதனையும் அப்பெயராலேயே அழைத்தனர். நாம் பேசவந்த டார்பிடோ தரையில் கிடப்பது. பார்வைக்கு வெறும் குழாய்.

அக்குழாய்க்கு என்ன தேவை வந்தது என்று கேட்டால், மாட்டுப் பண்ணையிலிருந்து கதையைத் தொடங்க வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜோசப் கிளிடன் என்பவர் 1874-இல் முட்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். மாடு வேலி தாண்டாதிருக்கச் செய்த கம்பி, முப்பதே ஆண்டுகளில் மனிதனைத் தடுக்கப் போர்க்களத்துக்கு வந்துவிட்டது. 1904-05-இல் ரஷ்யரும் ஜப்பானியரும் பொருதபோது, போர்ட் ஆர்தர் கோட்டையின் முன் முட்கம்பி வேலிகள் நின்றன. வேலியில் சிக்கிய வீரன் ஓடவும் முடியாது, படுக்கவும் முடியாது. இதனை உலகப் படைகள் யாவும் கவனித்தன.

பீரங்கியால் கம்பியை அறுத்துவிடலாம் என்று நம்பியவர்கள் உண்டு. குண்டு மண்ணில் புதைந்து வெடித்தால் பள்ளம் விழும். கம்பி மேலே எழும்பி, பழைய இடத்திலேயே, முன்னிலும் சிக்கலாக விழும். 1916-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் பிரான்சின் சோம் ஆற்றுப் பகுதியில் பிரிட்டிஷ் படை இதனைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. ஒரு வாரம் இடைவிடாமல் குண்டு பொழிந்த பின்னரும் பல இடங்களில் கம்பி அறுபடாமல் நின்றது. அன்று ஒரே நாளில் மாண்டவர் மட்டும் 19,240 பேர்.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1912-இல், மதராஸ் சாப்பர் பட்டாளத்தில் பணியாற்றிய காப்டன் மக்ளின்டாக் என்ற பொறியியல் அதிகாரி வேறு வழி கண்டிருந்தார். வெடிமருந்தை ஒரே மூட்டையாகக் குவிக்காமல், நீண்ட குழாயில் அடைத்தார். அவ்வாறு செய்தால் வெடியின் வலிமை குழாயின் நெடுகிலும் பக்கவாட்டில் பாய்கிறது. சிதறும் குழாய்த் துண்டுகளும் கம்பியை அறுக்கின்றன. முதற் குழாயின் முனையில் மழுங்கிய மூக்கு ஒன்று இருக்கும். இல்லையேல் அது கம்பியிலும் கல்லிலும் மாட்டிக்கொள்ளும். ஒரு குழாயை வேலிக்கடியில் தள்ளியதும் அதன் பின்னே இன்னொன்றைப் பொருத்தித் தள்ளலாம். அதன் பின்னே மற்றொன்று. வேலி எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குக் குழாய் நீளும். தள்ளுபவன் வேலிக்குள் புக வேண்டியதில்லை. கடைசியில் திரியைப் பற்றவைத்துவிட்டுப் பின்வாங்குவான். பிற்காலத்து அமெரிக்கக் குழாய் ஒவ்வொன்றும் 5 அடி நீளம். அது வேலியில் திறக்கும் வழி ஏறத்தாழ 3 மீட்டர் அகலம்.

எளிமை என்று இதனைப் புகழ்கிறார்கள். நாமும் புகழ்வோம். ஆயினும், வேலியின் விளிம்புவரை அக்குழாயைக் கொண்டுபோகும் பணியை எந்த அறிஞரும் எளிதாக்கவில்லை. எதிரியின் துப்பாக்கிக்கு நேரே ஒருவன் மார்பால் ஊர்ந்து போகத்தான் வேண்டும்.

முதல் உலகப் போரில் குழாய் பிரான்சின் பதுங்குகுழிகளுக்குச் சென்றது. இரண்டாம் போரில், 1944 ஜூன் 6-ஆம் நாள், நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் அமெரிக்கப் பொறியாளர்கள் இக்குழாய்களால் கம்பி வேலிகளைத் தகர்த்து வழி திறந்தனர். 1998-இல் வெளிவந்த ஹாலிவுட் படம் ஒன்றில் அக்காட்சியைக் கண்டவர் பலர். அந்நாட்டு வீரர்கள் டார்பிடோ என்ற சொல்லையும் விட்டுவிட்டுக் கருவியைப் ‘பெங்களூர்’ என்றே சுருக்கி அழைப்பர். 2014-இல் ஆங்கிலத்தில் நகரின் பெயர் மாறியபோதும் குழாயின் பெயர் மாறவில்லை. தமிழர்களாகிய நமக்கு அது முன்னும் பெங்களூர், பின்னும் பெங்களூர்.

நூல்கள் பெரும்பாலும் மக்ளின்டாக்கின் பெயரோடு நின்றுவிடுகின்றன. அப்பட்டாளமோ 1780-இல் மதராஸ் பயனியர் என்ற பெயரில் இரண்டு கம்பெனிகளாகத் திரட்டப்பட்டது. பாலம் கட்டுவதும், பாதை வெட்டுவதும், கோட்டை மதிலுக்கடியில் சுரங்கம் தோண்டுவதும் அதன் தொழில். தென்னாட்டு இளைஞர்களே அதில் சேர்ந்தனர்; இந்தியப் படை முழுவதும் அவர்களுக்கு இன்றளவும் ‘தம்பி’ என்றே பெயர்.

அத்தம்பிகளுள் ஒருவர் செங்கற்பட்டு மாவட்டத்துக் கீழ ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியம். ஒமாஹாவுக்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், 1944 பிப்ரவரி 24-ஆம் நாள், இத்தாலியில் மிக்னானோ என்னுமிடத்துக்கு அருகே அவருடைய குழுவினர் கண்ணிவெடிகள் புதைந்த நிலத்தில் நடந்துகொண்டிருந்தனர். ஒரு கண்ணி மிதிபட்டது. அவ்வகை வெடி மிதிபட்டவுடன் வெடிப்பதில்லை. சில விநாடிகள் கழித்தே வெடிக்கும். அந்த விநாடிகளில் அவர் ஓடவில்லை. அதன் மேல் விழுந்து தம் உடலால் மூடினார். உடன் வந்தவர்கள் பிழைத்தனர். ஜார்ஜ் சிலுவைப் பதக்கம் அவர் மறைந்த பின்னர் அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.