ஆற்றடியில் கிடந்த கல் மலையுச்சிக்கு வந்த கதை

கையில் அடங்கும் கூழாங்கல் அது. முனையென்று எதுவும் மிச்சமில்லாமல் மழுங்கியிருக்கும். கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான் மாகாணங்கள் சந்திக்கும் எல்லையில், புல்வெளி நடுவே சுமார் 600 மீட்டர் எழும்பி நிற்கின்றன சைப்ரஸ் மலைகள். ராக்கி மலைகளுக்கும் கிழக்கே லாப்ரடாருக்கும் இடையில் கனடாவில் இதைவிட உயரமான நிலம் இல்லை. இந்த உயரத்தில்தான் ஆற்றுக்கற்கள் கணக்கில்லாமல் கிடக்கின்றன.

கல்லின் பிறப்பு பழங்காலக் கடலோர மணலில். மணல் இறுகி, வெப்பத்திலும் அழுத்தத்திலும் குவார்ட்சைட் என்ற கடினப் பாறையானது. ராக்கி மலைகள் எழுந்தபோது அதுவும் மேலே போனது. மழையும் உறைபனியும் உடைத்துப் போட்ட துண்டுகளை ஆறுகள் கிழக்கே உருட்டின. சில நூறு கிலோமீட்டர் உருண்டதில் முனைகள் தேய்ந்தன. சுமார் 4.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய இந்தப் பயணம் எண்ணற்ற கற்களைச் சமவெளியில் கொண்டுவந்து கொட்டியது. காண்டாமிருகம் போன்ற உடலுடைய ப்ரோன்டோதீர் என்ற பெருவிலங்குகள் அந்த ஆற்றங்கரைகளில் மேய்ந்தன. அவற்றின் எலும்புகள் அதே படுகையில் புதைந்து கிடந்து பின்னாளில் வெளிப்பட்டன.

அன்றைக்குக் கல் கிடந்தது நிலத்தின் தாழ்வான பகுதியில். ஆறு எப்போதும் பள்ளத்தைத்தானே தேடும். பிறகு ஆறுகள் தடம் மாறின. கூழாங்கற்களுக்கிடையே சுண்ணச்சத்து படிந்து, ஒன்றோடொன்று ஒட்டி, அவை கெட்டியான பாறைத்தளமாயின. சுற்றியிருந்ததோ மென்மையான களிப்பாறையும் மணற்பாறையும். காற்றும் நீரும் அவற்றைக் கரைத்துக்கொண்டே போயின. கற்தளம் மட்டும் அரிபடாமல் தன் அடியிலிருந்த மண்ணையும் காத்தது. கல் ஏறவே இல்லை, அக்கம்பக்கம் இறங்கிவிட்டது. எந்த எரிமலையும் கக்காமல், எந்த நிலமடிப்பும் தூக்காமல், பழைய ஆற்றுப்படுகையே மலையாகி நிற்பதுதான் எனக்கு இந்த நிலத்தின் பெரிய அதிசயம்.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் வடக்கிலிருந்து வந்த பனிப்பாளம் சமவெளியை முழுக்க மூடியது. இந்த மேட்டின் உச்சி மட்டும் பனிக்கு மேலே தலைநீட்டி நின்றது. பனி உருகியபின் உயரம் தன் வேலையைத் தொடர்ந்தது: கீழே வறண்ட புல்தரை, மேலே குளிர்ச்சியும் கூடுதல் மழையும், ராக்கியில் வளரும் லாட்ஜ்போல் பைன் மரக்காடும். மலையின் வடபுற ஓடைகளில் சில ஹட்சன் விரிகுடாவை நோக்கிப் போகின்றன. தென்புறத்து நீர் மில்க் ஆறு, மிசௌரி, மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடா சேர்கிறது.

விறகு, தண்ணீர், வேட்டை, பனிப்புயலுக்கு மறைவு எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்ததால் மனிதர்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக இங்கே வந்திருக்கிறார்கள். கல்லுக்கும் வேலை இருந்தது. சுத்தியலாகப் பயன்பட்டது, நெருப்பில் காய்ச்சித் தோல்பையிலிருந்த நீரில் போட்டால் இறைச்சி வெந்தது.

1873 ஜூன் 1 அன்று இந்த மலைகளின் பேட்டில் ஓடைக்கரையில், களவுபோன குதிரைகளைத் தேடி அமெரிக்காவிலிருந்து வந்த ஓநாய் வேட்டைக்காரர்கள் பூர்வகுடிகளான நகோடா மக்களின் முகாமைச் சுட்டுச் சிதைத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் தப்பவில்லை. அந்தச் செய்தி, அப்போதுதான் சட்டம் இயற்றப்பட்டிருந்த வடமேற்குக் குதிரைக் காவல்படையை விரைந்து அமைக்கக் கனடா அரசை உந்தியது. 1875-இல் அதே ஓடையருகே அந்தப் படையின் வால்ஷ் கோட்டை எழுந்தது. கொன்றவர்களில் ஒருவருக்குக்கூடத் தண்டனை கிடைக்கவில்லை.

அடுத்த சில ஆண்டுகளில் காட்டெருமைகள் அற்றுப்போயின. அவற்றை நம்பி வாழ்ந்த பூர்வகுடிகள் ஆயிரக்கணக்கானோர் பசியோடு இந்த மலைக்கு வந்து சேர்ந்தார்கள். தங்களுக்கான நிலத்தை இங்கேயே கேட்டவர்களுக்கு அரசு ரேஷனை நிறுத்தி, பட்டினியால் வடக்கே விரட்டியது. 1883-இல் கோட்டையும் மூடப்பட்டது. 1989-இல் இந்த மேடு கனடாவின் முதல் மாகாணங்களிடைப் பூங்கா ஆனதை எழுதும் எவரும் அந்தப் பட்டினியையும் சேர்த்தே எழுத வேண்டும்.

நெக்கனீட் என்ற தலைவரும் அவரைச் சேர்ந்த க்ரீ மக்களும் மட்டும் போகவில்லை. அரசு உதவியின்றி வேட்டையாடியும், விறகு விற்றும், பண்ணைகளில் கூலி வேலை செய்தும் இங்கேயே பிழைத்தார்கள். 1913-இல்தான் அவர்களுக்கென நிலம் ஒதுக்கப்பட்டது. மேப்பிள் க்ரீக் ஊருக்குத் தெற்கே, மலைச்சரிவில், அவர்களுடைய வழிவந்தவர்கள் இப்போதும் வாழ்கிறார்கள்.