குருகூர் நூல்களும் அகரநிரலும்: அடைவுகளில் கிரந்த எழுத்துச் சொற்களின் இடம்

நம்மாழ்வார் தோன்றிய குருகூர் இன்று ஆழ்வார்திருநகரி எனப்படுகிறது. அவரது திருவாய்மொழியின் 1102 பாசுரங்களும் அந்தாதியாகத் தொடுக்கப்பட்டவை. ஒன்றன் ஈறே அடுத்ததன் முதலாவதால் மனப்பாடமாக ஓதுவோர்க்கு அடைவு வேண்டியதில்லை. அச்சுநூலில் ஒரு பாசுரத்தைத் தேடுவோர்க்கே பாட்டு முதற்குறிப்பு அகராதி தேவைப்பட்டது. இவ்வூர்க் கவிராயர் இல்லத்தில் பத்துப்பாட்டு ஏடு பெற்ற உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் அரும்பத அகராதி சேர்த்ததும் இவ்வச்சுமரபைச் சார்ந்ததே.

பாசுரங்களை நிரல்படுத்துவது எளிது. மணிப்பிரவாள நடையில் அமைந்த ஈட்டுரைக்குச் சொல்லடைவு தொகுக்கும்போதுதான் ஜ, ஷ, ஸ, ஹ முதலியவற்றை எங்கே வைப்பது என்னும் வினா எழுகிறது. அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் தொல்காப்பிய நெடுங்கணக்கில் இவற்றுக்கு இடமில்லை. வடசொல் தமிழெழுத்து ஏற்றே வரவேண்டும் என்பது அந்நூலின் விதி. 1594இல் எழுந்த அகராதி நிகண்டு முதலெழுத்தளவில் சொற்களை நிரல்படுத்தியது. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) அம்முறையை மேலும் வளர்த்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் (1924–1936) கிரந்த எழுத்துகளை னகரத்துக்குப் பின் வைத்தது. பழைய நிரல் குலையாமல் காத்த முடிவு அது. ஆயினும் 'சீவன்' சகரத்திலும் 'ஜீவன்' நூலின் கடைக்கோடியிலும் பிரிந்து நின்றது அதற்குக் கொடுத்த விலையாகும்.

கணினி அச்சுக்கோப்பு இச்சிக்கலைப் பெருக்கியது. தொடக்ககால எழுத்துருக்களில் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே குறிகள் பதிவாயின. எனவே தாமிரபரணியின் பழம்பெயரான 'பொருநை' பகரத்தில் சேராமல் கொம்பில் தொடங்கும் சொல்லாகக் கொள்ளப்பட்டு, 'தென்திருப்பேரை'யுடன் ஒரே குவியலில் விழும். யூனிகோடு இக்குறையை நீக்கியது, நெடுங்கணக்கைப் பின்பற்றவில்லை. அதன் குறியெண் வரிசையில் ஜகரம் சகரத்தை அடுத்தும், னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. ளகர ழகரங்கள் வகரத்துக்கு முந்துகின்றன. நெடுங்கணக்கின்படி ஆவணம், ஆழ்வார், ஆறு என அமைய வேண்டிய நிரல், குறியெண்ணின்படி ஆறு, ஆழ்வார், ஆவணம் என முற்றும் தலைகீழாகிறது. பிழை ஓரிரு சொற்களில் மட்டும் நேர்வதன்று என்பதற்கு இம்மூன்றே போதும்.

கண்ணுக்குப் புலப்படாத பிழையும் உண்டு. நவதிருப்பதிகளுள் ஒன்றான ஸ்ரீவைகுண்டத்தின் முதலெழுத்தை ஸகரம் கொண்டும் உள்ளிடலாம்; 2005இல் யூனிகோட்டில் சேர்க்கப்பட்ட ஶகரம் கொண்டும் உள்ளிடலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவாகவே அச்சாகும். மெய்ப்புத் திருத்துவோர் எத்துணைக் கூர்மையுடன் நோக்கினும் வேறுபாடு தெரியாது. குறியெண் வரிசையிலோ ஒன்று ஷகரத்துக்கு முன்னும் மற்றொன்று பின்னும் சென்று, ஓரூர் இரண்டு பதிவுகளாகப் பிரிந்துவிடும்; பக்க எண்களும் அவ்வாறே சிதறும். 'சீவைகுண்டம்' என எழுதினால் சகரத்திலும், 'திருவைகுண்டம்' என எழுதினால் தகரத்திலும் அதே ஊரைத் தேட வேண்டும். இவ்வட்டாரத் தலங்களைப் பற்றிய நூலுக்கு அடைவு செய்வோர் உள்ளீட்டை முதலில் ஒருமைப்படுத்தி, ஒரு வடிவைத் தலைச்சொல்லாக்கி, ஏனையவற்றின்கீழ் 'காண்க' என்னும் குறிப்பு இட்டாலன்றி, ஆழ்வார்திருநகரியை அடுத்துள்ள அவ்வூர் நான்கு இடங்களில் நிற்கும்.